நடுவில் நின்ற பெயர்

இந்த மராட்டி ஊரில் பெயரை மூன்றாகக் கேட்பார்கள். பால் கார்டு வாங்கப் போனாலும் சரி, பல் பிடுங்கப் போனாலும் சரி, "பூர்ண நாவ்?" என்பார்கள். முழுப் பெயர் வேண்டுமாம். நமக்கோ ஒரு பெயர், முன்னால் ஓர் எழுத்து. பத்தொன்பது வயதில் போசரி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தபோது, 'செ என்றால் என்ன?' என்று கேட்டார்கள். செல்லதுரை என்றேன். வசந்தா செல்லதுரை என்று எழுதிக்கொண்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பக்கத்து இருக்கையில் சுனந்தா தாயி, நம் பேச்சில் சுனந்தா அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் ஓயாதவள். ஒருநாள், "செல்லதுரை எப்போதான் வருவார்?" என்றாள். அப்பாவின் பெயரை இவ்வளவு பிரியமாய்க் கேட்கிறாளே என்று எனக்கு ஒரே பூரிப்பு. "அவரா? திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கடையை விட்டு நகர மாட்டார்" என்றேன், எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில். அவள் முகம் சுருங்கியது. "நல்ல ஆள்தான் போ!" என்றாள். ஏன் கோபப்படுகிறாள் என்று அன்றைக்குப் புரியவில்லை.

மராட்டியில் பெண்ணின் பெயருக்கு நடுவில், கல்யாணத்துக்கு முன்னால் அப்பா நிற்பார், பிறகு புருஷன் நிற்பார். தனியாக ஊர்விட்டு வந்து சாங்வியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவள் கல்யாணமானவளாகத்தான் இருப்பாள், செல்லதுரைதான் புருஷன் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். அதனால்தான் என் வயிறு தெரியத் தொடங்கியபோது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தாளே" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

உண்மையில் புருஷன் என்று யாரும் கிடையாது. கட்டிக்கொள்கிறேன் என்றவன், சங்கதி தெரிந்ததும் வேலையை விட்டுப் போய்விட்டான், எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. எஸ்டிடி பூத்திலிருந்து அம்மாவுக்குப் பேசினேன். "இங்க வந்து நிக்காத தாயி. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். அப்பா உன் பேரையே எடுக்கக் கூடாதுங்கிறாரு" என்று அழுதாள். ரிசீவரை வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனி எனக்கென்று இருந்தது அந்தக் கம்பெனிச் சம்பளம் மட்டும்தான். பிரசவத்தில் அதுவும் நின்றுபோனால் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவேன்?

அந்த மழைக்காலம் முழுக்க அரைத் தூக்கத்தில்தான் நடமாடினேன். சிவப்பு வயர், மஞ்சள் வயர், கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிற வானம். வயிற்றுக்குள் ஒன்று புரண்டு படுக்கும். எங்கிருந்தோ சைக்கிள் மணி கேட்கும். நிமிர்ந்தால் ஒன்றும் இருக்காது.

ஏழாம் மாதம், பிரசவகால ஈஎஸ்ஐ காப்பீட்டுப் பணத்துக்காகக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். பேச்சுத் துணைக்கு சுனந்தாவும் வந்தாள். அங்கே படிவம் நிரப்பும் ஜோஷி மேடம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "கணவர் செல்லதுரை. சரிதானே?" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து கிரீஸ் கையோடு அப்பா என் கண்முன் வந்து நின்றார், சட்டையில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி. சீ, என்ன கூத்து இது! நாளைக்கு என் பிள்ளையின் பெயருக்கு நடுவிலும் இவர்தானே அப்பனாக வந்து உட்காருவார்?

"மேடம், செல்லதுரை என் அப்பா."

"அப்போ கணவர்?"

"இல்லை. கல்யாணமே ஆகவில்லை."

போச்சு, எல்லாம் போச்சு என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மேடம் என்னைப் பார்த்தார், பிறகு பேனாவைப் பார்த்தார். "மாதாமாதம் இதற்கு யார் சம்பளத்தில் பணம் பிடித்தோம்?"

"என் சம்பளத்தில்தான்."

"பிறகென்ன? பணம் உனக்குத்தான். பன்னிரண்டு வாரம். புருஷனைக் கொண்டுவா என்று சட்டத்தில் இல்லை" என்று சொல்லி, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அப்பா என்று எழுதினார்.

வெளியே வந்ததும் அழுதுவிட்டேன். சுனந்தா என்ன சொல்வாளோ என்று பயமாக இருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி! அந்த சைக்கிள் கடைக்காரர் உன் அப்பாவா? பெண்டாட்டியை இப்படி விட்டிருக்கிறானே என்று இத்தனை நாளும் அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தேனே!" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். பிரசவத்துக்கு அவள்தான் கூட இருந்தாள்.

மகளுக்குக் கயல் என்று பெயர் வைத்தேன். பள்ளியில் சேர்க்கும்போது மூன்று பெயர் கேட்டார்கள். இந்த முறை யோசிக்காமல் சொன்னேன்: கயல் வசந்தா செல்லதுரை. நடுவில் நான். குடும்பப் பெயர் நிற்கும் கடைசி இடத்தில் அப்பா.

திண்டுக்கல்லில் என் பெயரை எடுக்கக் கூடாது என்று இன்னமும் இருக்கிறார் அவர். அந்த வாசலில் நானும் என் மகளும் இதுவரை ஏறியதில்லை. இங்கே தினமும் காலையில் ஒரு மராட்டி டீச்சர் வருகைப் பதிவுக்காக அவர் பெயரை நாக்கு சுளுக்க உரக்கக் கூப்பிடுகிறார். பின்வரிசையிலிருந்து செல்லதுரையின் பேத்தி எழுந்து நின்று, "ஹஜர்!" என்கிறாள்.