ஒன்பதாவது மாடி ஆன்டி கொடுத்த துணிப்பை

நான் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறது எங்க ஃபிளாட்டுல தெரிஞ்சு போச்சு. அதுல இருந்து லிஃப்டுல ஏறவே பயமா இருக்கு. யார் கையில பை இருந்தாலும் அது எனக்குத்தான்.

இன்னைக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுல சாமான் வாங்கிட்டு வந்தேன். லிஃப்ட் கதவு மூடுற நேரம் ஒன்பதாவது மாடி ஆன்டி காலை விட்டு நிறுத்தி உள்ள வந்தாங்க. கையில பெரிய பை.

“உனக்குத்தான்மா எடுத்து வச்சேன். எல்லாம் துவைச்ச துணிதான் லா.”

மேல பழைய பாஜு கூரோங் மலாய் உடுப்பு, தலையணை உறை. அடியில, போன வருஷம் அவங்க பேரனுக்கு நான் தைச்சுக் கொடுத்த போர்வை.

மூணு மாச வேலை அது. மஞ்சள் கட்டத்தை எங்க வைக்கிறதுன்னு மட்டும் ஒரு வாரம் தரையில பரப்பிப் போட்டு யோசிச்சேன்.

“ஆன்டி, இது...”

“ஆமா, அதுல நல்ல துணி நெறைய இருக்கு. பிரிச்சு எடுத்துக்க. வீணாக்கிடாதே.”

முகத்துல அவ்வளவு சந்தோஷம். லிஃப்ட் அப்பதான் மூணாவது மாடி. “தேங்க்ஸ் ஆன்டி”ன்னு சொல்லிட்டு நம்பரையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

ஒன்பதுல இறங்கி, கதவைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாங்க. “சின்ன மகளுக்கு அடுத்த மாசம் டெலிவரி. நல்லதா ஒண்ணு தைச்சுக் கொடும்மா.”

சரின்னு தலையாட்டிட்டேன்.

இப்ப அந்தப் போர்வையைத் துவைச்சுக் காயப் போட்டிருக்கேன். இதையே மடிச்சு ரிப்பன் கட்டிக் கொடுத்தா ஆன்டி கண்டுபிடிச்சிடுவாங்களா, நீங்களே சொல்லுங்க.

கண்டுபிடிக்க மாட்டாங்கன்னுதான் எனக்கு பயம்.