எட்டாவது கேள்விக்குச் சைபர்

எழுபதுகளின் தொடக்கத்தில், எம்.ஏ. இலக்கிய வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் அடையாற்றில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்வந்தேன். விபத்தினாலோ மூளைக்காய்ச்சலினாலோ மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அங்கே கை கால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தரப்பட்டன. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆங்கிலத்தில் அச்சாகி வந்த கேள்வி அட்டையைத் தமிழாக்கி, தாய்மாரிடம் படித்துக் காட்டி, விடைக்குரிய எண்ணை எழுதுவது என் வேலை. முடியாது என்றால் சைபர். ஓரளவு முடியும் என்றால் ஒன்று. நன்றாக முடியும் என்றால் இரண்டு. நிலையத்துக்கு உதவிவந்த வெளிநாட்டுச் சங்கம், பயிற்சி தரமானதுதானா என்பதை அந்தக் கூட்டுத்தொகையைக் கொண்டே அறிய விரும்பியது. கேள்வியை விளக்கக் கூடாது, எழுதியிருப்பதை மட்டும் படிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அட்டை நிரப்பப்படும். முந்தைய அட்டையைவிடக் கூட்டுத்தொகை ஏறாத குழந்தை, காத்திருக்கும் வேறொரு குழந்தைக்கு இடம் விட வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து தாயுடன் பஸ்ஸில் வந்த ஏழு வயதுச் சிறுமிக்கு முதல் அட்டையில் பதினொன்று. மொட்டை மாடிப் படியிலிருந்து விழுந்தவள். வலக்கை மடங்கியே இருந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டாம் அட்டைக்காக எட்டாவது கேள்வியைப் படித்தேன்: “குழந்தை கோப்பையை உதட்டில் வைத்துத் தானே குடிக்கிறதா?” தாய் சற்றும் யோசிக்காமல், “இல்லே” என்றார். சைபர் எழுதினேன். இந்த முறையும் பதினொன்று. நிலையத்தை நடத்திய டாக்டரம்மா, நிறுத்த வேண்டியவர்கள் பட்டியலில் அவளைச் சேர்த்தார்.

அன்று மாலை நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கையில், குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஆயா வந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரி.

“யார்மா நிக்கப் போறது?”

சொன்னேன்.

“அந்த மைலாப்பூர் பொண்ணா? ஏன், நல்லாத்தானே கீது?”

“தானாகக் குடிக்கக்கூட வரவில்லையே.”

“இன்னாம்மா சொல்ற! நேத்து என் கண்ணெதிர்ல ஒத்தக் கையால டம்ளரத் தூக்கி, கழுத்தப் பின்னால சாச்சி, மடக்கு மடக்குன்னு குடிச்சுது. பாதி கவுன்ல ஊத்திகிச்சு, அது வேற கத. நீ எம்மே படிக்கிறவ, உன் வூட்ல எப்டிக் குடிப்ப?”

என் வீட்டிலும் அண்ணாந்துதான் குடிப்போம். உதடு பட்டால் எச்சில். டம்ளரின் விளிம்பு என் உதட்டில் பட்டதாக எனக்கு நினைவில்லை. அப்படியிருந்தும் அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியபோது, எதைக் கேட்கிறோம் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். “அண்ணாந்து குடிக்கறது இன்னும் கஷ்டமாச்சேம்மா. கழுத்தும் நிக்கணும், கையும் நிக்கணும்” என்றவர், அட்டையைத் திருப்பித் தந்தார். “ஒண்ணை மட்டும் திருத்தாதே. முழுசா மறுபடி கேளு. இந்தத் தடவை விளக்கியே கேளு.”

அடுத்த முறை வந்தபோது தாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

“எச்சல் பண்ணிக் குடிக்கப்படாதுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். குடிக்கறாளான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!”

“விதி அப்படி, மாமி.”

“நன்னாயிருக்கு உங்க விதி. படி, முதல்லேர்ந்து.”

படித்தேன். எட்டாவதற்கு ஒன்று, சிந்துகிறதே. பன்னிரண்டு ஆயிற்று. பதினோராவது, உடுத்துவது பற்றியது. முன்பு அதற்கு ‘நன்றாக’ என்றிருந்தார். இப்போது சற்றுத் தயங்கி, “பொய் சொல்லப்படாது. கீழ் ரெண்டு பட்டனை நான்தான் போட்டு விடறேன்” என்றார். இரண்டை அடித்து ஒன்று எழுதினேன். மறுபடியும் பதினொன்று. எதிரில் அமர்ந்தபடி அவர் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.

பதின்மூன்றாவது கேள்வி: “கரண்டியால் தானே உண்கிறதா?” முன்பு அதற்கும் “இல்லே”தான். “கையால் சாப்பிட்டாலும் சேரும், மாமி” என்றேன்.

அவர் பாயில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

“சாப்பிடறா. ஒரு மாசமா. தயிர்சாதம் மட்டும்.” பிறகு குரல் இறங்கியது. “இடது கையால. ஆத்துல யாருக்கும் தெரியாது. எல்லாரும் சாப்ட்டு எழுந்தப்பறம் சமையல் உள்ளுல தனியா உக்காத்தி வெச்சுண்டு குடுக்கறேன். எழுதிக்கோ. ஆனா எந்தக் கைன்னு மட்டும் எழுதாதே.”

அட்டை அதைக் கேட்கவில்லை. ஒன்று என்று எழுதி, மூன்று திருத்தங்களுக்கும் பக்கத்தில் கையொப்பமிட்டேன்.

டாக்டரம்மா கூட்டிப் பார்த்தார். பன்னிரண்டு. பதின்மூன்றாவதன் திருத்தத்தில் விரலை வைத்தார்.

“கரண்டி இல்லாமயா சாப்பிடறா? எந்தக் கையால?”

“அட்டையில் அந்தக் கேள்வி இல்லை, டாக்டர்.”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அவளுக்கு வலது கை மடங்கிக் கிடக்கு. பின்னே எந்தக் கையாம்?” பதிலை எதிர்பார்க்கவில்லை. அட்டையை, தொடர்ந்து வர வேண்டியவர்களின் அட்டைக்கட்டோடு சேர்த்து வைத்தார். மூன்று மாதம் கிடைத்தது.