கண்ணுக்குள் மூச்சு விட்டது யார்?

சென்ற வருடம், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை. அக்குறணையில் என் கடைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுதுகொண்டிருந்தேன். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்ததும் காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள். உஸ்... உஸ்... உஸ்...

பக்கத்தில் நின்றவர் பாத்திரக் கடை முதலாளி. கொஞ்சம் பருத்த ஆள். தொழுகை முடிந்ததும், "நானா, சுஜூதில கொறட்ட விட்டா தொழுக கூடுமா?" என்று அண்ணன் முறை வைத்தே கேட்டேன். மனிதர் என்னை முறைத்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போய்விட்டார். ஊரையே பகிடி பண்ணுகிறவன் நான். அன்றைக்கு நல்ல தீனி.

மறுநாள் ஜமாஅத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போய், ஆளில்லாத மூலையில் தனியாகத் தொழுதேன். குனிந்தேன். உஸ்... உஸ்... அந்த மூலையில் என்னைத் தவிர யாருமில்லை.

வீட்டிலும் அதே கதை. "தண்ணி மோட்டர நிப்பாட்டுங்களே" என்று மனைவியிடம் கத்தினேன்.

"கரண்டே இல்ல, மோட்டர் எப்படி ஓடும்? ஒங்கட பகிடிக்கு ஒரு அளவில்லயா?"

ஜின்னாக இருக்குமோ என்று நினைத்தேன். நான் படியேறினால் அதற்கும் இரைத்தது. நான் உட்கார்ந்தால் அதுவும் ஆறியது. நான் மூச்சை அடக்கிப் பார்த்தபோது மட்டும் அது அடக்கவில்லை. தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினேன், பயத்தில் பாதி மறந்துபோய் சாப்பாட்டு துஆவையும் சேர்த்து ஓதிவிட்டேன்.

அடுத்து இடது கண் சிவந்தது. 'கண் நோய்' என்று பாமசியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பலனில்லை. கண்ணாடியில் உற்றுப் பார்த்தேன். சும்மா சிவப்பல்ல அது. வெள்ளை விழியின் மேலே இரத்தக் குழாய்கள் தடித்து, திருகாணிபோல் சுருண்டு, கறுப்பு விழியை நோக்கி எல்லாப் பக்கமிருந்தும் ஊர்ந்து வந்திருந்தன. கண்ணும் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. என் முகத்துக்குள்ளிருந்து வேறு யாரோ என்னை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஒரு நாள் காலையில் கடை வாசலில் நின்ற இருவரை, "ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்க" என்றேன். உள்ளே வந்தவர் ஒருவர்தான். அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவியும் நானும் கண்டியில் ஒரு கண் கிளினிக்குக்கு ஓடினோம். யாழ்ப்பாணத்து லேடி டொக்டர். கண்ணை மூடச் சொல்லி, இமை மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"டொக்டர், நெஞ்சு கொஞ்சம் கீழ ஈக்குது" என்றேன்.

"கொஞ்ச நேரம் கதைக்காம இருங்கோ."

ஸ்டெதஸ்கோப்பை அங்கேயே அழுத்திக் கேட்டார். பிறகு அவர் என் மனைவியைக் கூப்பிட்டு அவள் காதில் அதை மாட்டிவிட்டார். அவள் விரல்கள் என் தோளை இறுக்கின.

"யா அல்லாஹ்... உள்ளுக்கு ஏதோ ஓடுதே."

இத்தனை நாளும் எனக்கு மட்டும் கேட்டது அவளுக்கும் கேட்டுவிட்டது. அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன்.

டொக்டர் விளக்கினார். கண்ணுக்குப் பின்னால், இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாடியொன்று கசிந்து, அதன் இரத்தம் வேகத்தோடு, இரத்தம் திரும்பிப் போகும் நாளத்துக்குள் பாய்கிறதாம். தாங்க முடியாமல்தான் கண் மேலுள்ள குழாய்கள் புடைத்திருக்கின்றன. ஒருவர் இருவராகத் தெரிந்ததும் அதனால்தான். நான் கேட்டதெல்லாம் என் இரத்தத்தின் இரைச்சல். "இப்பிடியே விட்டா பார்வை போயிடும்" என்றார்.

கொழும்பில், தொடை வழியாக மெல்லிய குழாயொன்றை மேலே செலுத்திக் கசிவை அடைத்தார்கள். கண் விழித்தபோது அப்படியொரு நிசப்தம். மௌத்தாகிவிட்டேன், உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். மனைவியிடம், "நான் ஈக்கிறனா?" என்று கேட்டேன். அவள் நறுக்கென்று கிள்ளினாள். வலித்தது. அல்ஹம்துலில்லாஹ்!

அவள் முகம் எனக்கு ஒன்றாகத் தெரிய இன்னும் சில வாரங்கள் பிடித்தன. கண்ணின் சிவப்பும் மெல்ல வடிந்துபோனது. இப்போதும் சில வேளை பேச்சை நடுவில் நிறுத்தி, தலைக்குள் காது கொடுத்துக் கேட்கிறேன். ஒன்றுமே கேட்காத அந்த நொடியைப் பகிடி பண்ண மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.