பின்பங்குக்கு வழி

எங்கள் குடும்பத்தில் சொத்து பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவன் ஏமாற்றினால் மோசமான பங்கு அவன் தலையிலேயே விழும், அதனால் ஏமாற்ற மாட்டான் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அப்படி நம்புகிறவர்கள் யாரும் என்னைப்போல் முப்பது வருஷம் நிலக் காகிதங்களோடு குப்பை கொட்டியவர்கள் இல்லை.

எனக்கு வேலை மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில். வீடு சிதம்பரத்தில். அப்பா விட்டுப்போன நிலம் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வீடு, அதை ஒட்டித் தண்ணீர் இறைக்கிற போர் செட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் வாய்க்கால். என் தம்பி பெண்டாட்டியோடும் மகளோடும் அந்த வீட்டில்தான் இருந்தான். உழுததும் அவன்தான். நான் பொங்கலுக்குப் பொங்கல் போவேன், ஒரு மூட்டை அரிசி ஏற்றிக்கொண்டு வருவேன், அவ்வளவுதான் என் விவசாயம்.

அப்பா போன பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்செடுத்தது நான். கயிறு பிடித்து நிலத்துக்குக் குறுக்கே கோடு போட்டேன். ரோட்டை ஒட்டி முன்பங்கு, வீடும் போரும் இருக்கிற பக்கம் பின்பங்கு. பின்பங்கைக் கொஞ்சம் பெரிதாகவே விட்டேன், யாரும் வாய் திறக்கக் கூடாதே! நெடுக்கே பிரித்திருந்தால் இரண்டு பேருக்கும் ரோடு கிடைத்திருக்கும். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வீட்டையும் தண்ணீரையும் விட்டுவிட்டுத் தம்பி முன்பங்கை எடுக்க மாட்டான் என்பதும் தெரியும். ரோட்டு மனைக்கு என்ன விலை போகிறது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

கோட்டில் எல்லைக்கல் நட்ட அன்றைக்குத் தம்பி அந்தக் கல்லையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிமிர்ந்தான்.

"பின்னாடி நான் எடுத்துக்கிறேண்ணே."

பத்திரம் எழுதுகிறவர் விவரம் தெரிந்த மனுஷன். நான்கெல்லை எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"பின்பங்குக்கு ரோடு இல்லியே சார். முன்பங்கு வழியா வண்டிப்பாதைன்னு ஒரு வரி எழுதிடட்டா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "அண்ணன் தம்பிக்குள்ள நடந்து போறதுக்கு எழுத்து வாங்குற குடும்பமாய்யா நாங்க? எழுதாதய்யா!" என்று எகிறினேன். சாட்சிக்கு வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு ஒரே பெருமை. அண்ணன்னா இப்படி இருக்கணும் என்றார்கள். தம்பி கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு நான் வாங்கிக்கொண்ட பாராட்டை இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

இரண்டாம் வருஷம் சிதம்பரம் வீட்டுக்கு மாடி எடுக்க ஆசை வந்தது. முன்பங்கைத் துறைமுகத்துப் பக்கம் முதுநகர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். "தம்பி அந்த வழியாத்தான் போவான் வருவான்" என்று வாயால் சொன்னேன். "அதுக்கென்ன சார், போவட்டும்" என்று அவரும் வாயால் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் கல்தூண் நட்டு, சுற்றிக் கம்பிவேலி கட்டி, கேட்டுப் போட்டுப் பூட்டிவிட்டார்.

தம்பி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் கத்தி ஆறியிருப்பேன். போன் கூட இல்லை. நாள் போகப்போக அந்தச் சத்தமின்மைதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீ குடிக்கப் போனேன். மனுக் கொடுக்கிறவர்கள் வரிசையில் தம்பி நின்றுகொண்டிருந்தான், கையில் மஞ்சள் பை. நான் ஒரு ஜீப்புக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஆமாம், கூடப்பிறந்தவனைப் பார்த்து ஒளிந்தேன். கோர்ட்டுக்குப் போனால் அவனுக்குப் பாதை கிடைக்கும். எத்தனை வருஷத்தில் என்பதுதான் கேள்வி.

அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. அவன் மகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். அவள்தான் எனக்குப் போன் செய்தாள்.

"பெரியப்பா, வாய்க்கா கரை மேலதான் போயிட்டு வரோம். மழை ஜாஸ்தியானா கரை முழுவிடும்னு அம்மா பயப்படுறாங்க. எனக்கு இந்த மாசக் கடைசியில நாள் சொல்லியிருக்காங்க. நெலம் வாங்குனவுங்ககிட்ட சொல்லி அந்தக் கேட்ட மட்டும் தெறக்கச் சொல்றீங்களா?"

முதுநகருக்கு ஓடினேன். அவர் வீட்டில் காபியெல்லாம் கொடுத்தார்.

"பத்திரத்துல ஒரு வரி இருக்கா சார்? இருந்தா இன்னிக்கே வேலிய பிரிச்சுடறேன். நானும் நாளைக்கு விக்கணும்ல?"

கெஞ்சினேன். பார்க்கலாம் சார் என்றார். வெளியே வந்தபோது துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் சிதம்பரம் வருகிற வரைக்கும் நான் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடல் பக்கம் கருகருவென்று கட்டியிருந்தது.

மூன்று நாள் விடாத மழை. பாழாய்ப்போன மழை, நிற்குமா என்றால் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். நாள் சொன்னதற்கு முன்னாலேயே பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதாம். கரை முழுகிவிட்டதாம். ஆம்புலன்ஸ் ரோட்டில் நிற்கிறதாம், கேட்டில் பூட்டுத் தொங்குகிறதாம், கல்லால் அடித்தும் உடையவில்லையாம். முதுநகர்க்காரருக்குப் போன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை.

கடைசியில் பெண்ணை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தம்பியும் அக்கம்பக்கத்து ஆட்களும் தோளில் தூக்கிக்கொண்டு, வாய்க்கால் தண்ணீரில் இறங்கிச் சுற்றிப் போயிருக்கிறார்கள். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மார்பு வரைக்கும் சேறு.

பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது? "அன்னிக்கு அந்த ஒரு வரிய எழுதியிருக்கணும்டா. தப்புப் பண்ணிட்டோம்" என்றேன். அந்த நேரத்திலும் பாருங்கள், பண்ணிட்டேன் என்று வாயில் வரவில்லை.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கல்லு நட்ட அன்னிக்கே தெரியும்ணே, பின்பங்குக்கு வழி இல்லன்னு. நீ எதுக்கு அப்படிப் பிரிச்சேன்னும் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். ரோடு உனக்குப் போனா என்ன, அண்ணன் இருக்கிறப்ப எனக்கு வழிய யாரு அடைக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

அவனை ஏமாற்றிவிட்டதாகத்தான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் நர்ஸ் வெளியே வந்தார். பெண் குழந்தை, கொஞ்சம் நேரமாகியிருந்தால் சிக்கலாகியிருக்கும், இரண்டு உயிரும் பிழைத்தது என்றார். கையிலிருந்த தாளில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "இன்னும் மழை இருக்குன்னு சொல்றாங்களே, பச்சப் புள்ளையோட எப்பிடிப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டார்.

"எங்களுக்குப் பாதை இல்லம்மா" என்றான் தம்பி. "வந்த மாதிரியே தண்ணியில தூக்கிட்டுத்தான் போவணும்."