மூச்சுவிட இடமில்லாத பக்கம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், கரிசல் காட்டைப் பார்த்தபடி தனியாக நிற்கும் ஒரு கல்யாண மண்டபம். அங்கேதான் ஒரு மனிதர் என் கண் முன்னால் மூச்சுக்குத் தவித்து விழுந்தார். அவரை விழ வைத்தது நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் காகிதம்.

நான் ஒரு பள்ளியில் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுக்காரர் பாளையம்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அறுபது எழுபது பேர் உட்கார்ந்து வாசிக்கிற சிம்பொனிகளை நாலைந்து பேர் வாசிக்கும்படி சுருக்கி எழுதுவது எனக்கு ஒரு பைத்தியம். எங்கள் பக்கம் அறுபது பேருக்கு எங்கே போக? இருக்கிற ஆட்களுக்கு மெட்டைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

அந்த வருடம் பள்ளி ஆண்டுவிழாவுக்காக ஐந்து பேர் சேர்ந்திருந்தோம். கல்லூரியில் படிக்கும் அக்கா, தங்கை இருவரும் வயலின். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒருவர் செல்லோ என்கிற பெரிய வயலின். நான் கீபோர்டு. கிளாரினெட் வாசித்தவர் மல்லாங்கிணறுக்காரர். நூல் மில்லில் எலக்ட்ரீசியன். என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா அம்மா கரிசல் காட்டில் கூலி வேலைக்குப் போனவர்கள். இவர் கல்யாண பேண்டு செட்டில் ஊதிப் பழகி, பிறகு என்னிடம் வந்து ஆறே மாதத்தில் இசை நோட்டு படிக்கக் கற்றுக்கொண்டார். அதனால் என்மேல் அவருக்கு அளவுக்கு மீறிய மரியாதை.

நான் எடுத்துக்கொண்ட சிம்பொனியில் ஒரு நீண்ட மெட்டு வரும். மூலத்தில் அதைப் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் என நான்கு ஊதுகுழல்களும் கைமாற்றிக் கைமாற்றி வாசிக்கும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு கிளாரினெட். நாலு பேர் வேலையையும் அவர் தலையில் எழுதிவிட்டேன். எழுதி முடித்துக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக் கேட்டால், எங்கும் அறுபடாமல் அப்படி ஓர் அழகு! எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

முதல் ஒத்திகையிலேயே அவர் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"டீச்சர், இந்த எடத்துல மூச்சு எடுக்க வழி இல்லையே. எங்கயாச்சும் இம்புட்டு எடம் விடலாமா?"

"விட்டா மெட்டு அறுந்துபோகும். பழகுங்க, வந்துரும்" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சரி டீச்சர்" என்று போய்விட்டார். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

பள்ளியில் பரீட்சை நடந்ததால் அந்த மண்டபத்தை ஒத்திகைக்குக் கேட்டு வாங்கியிருந்தோம். தகரக் கூரை. வெளியே காட்டுக்காற்று புழுதியை வாரி அடித்தது. காகிதம் பறக்கிறது என்று ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன். அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முதல் தடவை வாசித்தோம், சரியில்லை. இரண்டாவது தடவையும் சரியில்லை. மூன்றாவது தடவை அந்த மெட்டின் நடுவில் கிளாரினெட் பிசிறடித்தது. எனக்குக் கோபம். திரும்பிப் பார்க்காமலே, 'நிறுத்தாதீங்க' என்று ஒரு கையால் சைகை காட்டினேன்.

அவர் நிறுத்தவில்லை. இன்னும் ஏழெட்டு ஸ்வரம் வந்தது. பிறகு கிளாரினெட் தரையில் விழுந்து உருளும் சத்தம்.

திரும்பினால் நாற்காலியோடு சரிந்து கிடக்கிறார். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது. காற்று உள்ளே போகிற சத்தமே இல்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்துக்கொண்டு வருகிறது. கண் மட்டும் என்னையே பார்க்கிறது.

சட்டைப் பையை விரலால் காட்டினார். வயலின் வாசித்த அக்கா அதிலிருந்து மூச்சுத்திணறலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை எடுத்தாள். குலுக்கி அவர் வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். காலி.

"மிஸ், இது தீர்ந்துபோச்சு மிஸ்!" என்று அலறினாள்.

அவருக்கு வீசிங் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். எங்களிடம் கார் இல்லை, இருந்தது என் ஸ்கூட்டி மட்டும். அவரோ உட்காரவே முடியாமல் துவள்கிறார். செல்லோக்காரரும் நானும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தோம். நான் நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றேன். வெயிலில் ரோடு காலியாகக் கிடந்தது. அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் என் ஆயுளிலேயே நீளமானது. பின்னால் செல்லோக்காரர், "சார், முழிச்சுக்கோங்க, முழிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு சின்ன லோடு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்த இளைஞர் இறங்கி ஓடி வந்தார். கிளாரினெட்காரர் முகத்தைப் பார்த்ததும் தயங்கினார்.

"அக்கா, இது பூராம் மிளகா வத்தல் லோடு. முன் சீட்டுலயும் நெடி ஏறிக் கெடக்கு. இவுகளுக்கு இருக்குற மூச்சும் நின்னுபோகும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "வேற என்ன செய்யிறது தம்பி?" என்றேன்.

"பின்னாலயே பஸ்ஸு வருது. இருங்க" என்றவர், வேனைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினார். பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. வேன்காரர் நகரவில்லை. திட்டுவதற்காக இறங்கிய கண்டக்டர், வாசலில் கிடந்தவரைப் பார்த்ததும் தானே வந்து காலைப் பிடித்துத் தூக்கினார். பஸ்ஸுக்குள் ஏறியதும் சத்தமாகச் சொன்னார்.

"வழியில எறங்குறவுக கோவிச்சுக்கிடாதீக! வண்டி நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகுது."

ஒருவரும் மறுக்கவில்லை. யாரோ ஜன்னல்களை எல்லாம் திறந்தார்கள். யாரென்றே தெரியாத ஓர் அம்மா முந்தானையால் வழி நெடுக விசிறிக்கொண்டே வந்தார். நான் கிளாரினெட்காரர் நெஞ்சில் கை வைத்து எண்ணினேன். ஒரு தூக்கலுக்கும் அடுத்த தூக்கலுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தபோது என் கைக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வெளியே வந்த டாக்டர், "தப்பிச்சுட்டார். இன்னும் பத்து நிமிஷம் தாமதமாயிருந்தா சொல்றதுக்கில்ல" என்றார்.

அதற்குள் கிளாரினெட்காரரின் மனைவி மல்லாங்கிணறிலிருந்து வந்து சேர்ந்தார். என்னைத் திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பத்து நாளா வேலை விட்டு வந்ததும் அதைத்தான் ஊதுனாக டீச்சர். மூச்சு முட்டுறப்பல்லாம் ஸ்பிரேயை அடிச்சு அடிச்சு ஊதுனாக. டீச்சர்கிட்ட சொல்லுங்கன்னேன். டீச்சர் எழுதுனா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் ஊதத் தெரியலைன்னுட்டாக."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"புரோகிராமைக் கெடுத்துட்டேன் டீச்சர்" என்றார்.

"நீங்க கெடுக்கல. நான் எழுதுனதுதான் தப்பு. நாலு பேரு ஊதுறதை உங்க ஒருத்தருக்கு எழுதிட்டேன். நீங்க கேட்டப்பவும் காதுல வாங்கல. என்னை மன்னிச்சுருங்க" என்றேன்.

"நாலு பேரு ஊதுறதா டீச்சர்?" என்று அவர் ஆச்சரியமாகக் கேட்டார். அது அவருக்குத் தெரியவே தெரியாது. நான் சொன்னதே இல்லை.

ஆண்டுவிழாவில் அந்தச் சிம்பொனி இல்லை. மழைக்காலம் வரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை. இனி ஊதவே வேண்டாம் என்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டி, மருந்தை ஒழுங்காக எடுத்து, 'அளவோடு ஊதலாம்' என்று டாக்டர் சொன்ன பிறகு, அவரே என்னைக் கூப்பிட்டார். மல்லாங்கிணறில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஊத, எங்கே மூச்சு தீர்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டோம். பாதி மெட்டை வயலின்களுக்குக் கொடுத்தேன். கொஞ்சத்தைச் செல்லோவுக்குக் கொடுத்தேன். சில ஸ்வரங்களை அடித்தே விட்டேன். அடுத்த வருட விழாவில் அதை வாசித்தோம். கைதட்டல் கேட்டதா என்றுகூட எனக்கு நினைவில்லை. வாசித்த நேரம் முழுக்க அவர் நெஞ்சையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் அவர் கிளாரினெட்டை வாயில் வைக்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விட வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.