முகத்தை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் துடைத்தவர்

மூலக்குளத்தில் ஒரு காதுகுத்து. மொட்டையடித்த குழந்தை ஈரேழு உலகமும் கேட்கும்படி அழுதுகொண்டிருந்தது. நான் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்று, மூட்டுவலியோடு அந்த அழுகையை வரலாற்றுக்காகப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் ஸ்டெல்லாவின் மகள் ஜெனி போன் செய்தாள்.

"மாமா, அம்மா போய்ட்டாங்க. டீ போட எழுந்தவங்க நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாங்க. அவ்ளோதான்."

நாற்காலியிலிருந்து இறங்கினேன். மலையிலிருந்து இறங்குவது போல இருந்தது. என் வயதுக்காரர்களுக்குப் பால் பாக்கெட் வருவதைப் போலச் சாவுச் செய்தி வருகிறது. அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

வில்லியனூரிலிருந்து பாகூர் வரை கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் நம் எல்லோருக்கும் ஸ்டெல்லாவைத் தெரியும். நாம் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவதை, தன் வீட்டுப் பின்னறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, மனிதர் பார்க்கும்படி ஆக்கிக் கொடுத்தவர் அவர். வெளிச்சமில்லாத மண்டபங்களில், இருட்டிலும் படம் விழட்டும் என்று கேமராவில் ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டு நாம் எடுத்த படங்களில் மொய்க்கும் புள்ளிகளைத் துடைத்துத் துடைத்தே அவர் கண்ணாடி தடித்தது. என் பெருமையை நானே சொல்லக் கூடாது. சங்கராபரணி ஆற்று மணலை எண்ணி முடித்தவன்கூட, என் முகூர்த்தப் படம் ஒன்றின் புள்ளிகளை எண்ண உட்கார்ந்தால் பாதியில் சந்நியாசம் வாங்கிக்கொள்வான்.

"இன்னாண்ணே இது? பொண்ணு மூஞ்சியா, ரவா உப்புமாவா?" என்று ஒருமுறை கேட்டார்.

"மண்டபத்துல லைட்டு இல்லம்மா."

"லைட்டு இல்லன்னா ஸ்டாண்டு போட்டு ஷட்டர மெதுவா வுடுங்க. நல்லா தொறக்கற லென்ஸா மாட்டுங்க. அத வுட்டுட்டு இருட்டா எடுத்தாந்து, நீ வெளிச்சம் ஏத்திக்கன்னு குடுக்கறீங்க. ஏத்தினா மொதல்ல புள்ளிதான் எழுந்து உக்காருது. பொண்ணு கடசிலதான் வரா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் திட்டுவதில் அவருக்கு இணை மூன்று உலகத்திலும் கிடையாது.

அன்று காதுகுத்து வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது ஜெனி மறுபடி கூப்பிட்டாள். "மாமா, போஸ்டருக்கு அம்மா படம் வேணும். எங்கிட்ட ஒண்ணும் நல்லா இல்ல. ஆதார்ல கீறதப் போட்டா அம்மாவே எழுந்து வந்து அடிக்கும். சாயங்காலம் மாதா கோயிலுக்கு எடுத்துக்கினு போறதுக்குள்ள ஒட்டணும்."

ஊரில் பாதி மணமக்களின் முகத்தைத் தடவிக்கொடுத்தவருக்குச் சுவரில் ஒட்ட ஒரு முகம் இல்லை. கேமராவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போகிறவர் அவர். மகளுக்கு இன்று அம்மாவின் முகம் வேண்டும், அதுவும் சாயங்காலத்துக்குள். என் ஹார்டு டிஸ்க்குகளைக் கிளறினேன். ஆயிரம் வருடத்துச் சாப்பாட்டுப் பந்தி இருந்தது. ஸ்டெல்லா இல்லை. கடைசியில் செலியமேட்டுப் படங்களுக்கு நடுவே ஒன்று அகப்பட்டது.

செலியமேட்டில் ஒரு வீட்டில் பச்சைக் குழந்தையைப் படமெடுக்க வேண்டியிருந்தது. பிளாஷ் அடித்தால் குழந்தை கண்ணுக்கு ஆகாது என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். மழைக்காலம், கரண்ட் வேறு போய்விட்டது. என் உப்புமாவைக் கிண்டி அலுத்துப்போன ஸ்டெல்லா, "இந்தத் தடவ நானும் வரேன்" என்று வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் பகலிலேயே ஆள் தெரியவில்லை. வெளிச்சம் பார்க்க யாரையாவது நிற்க வைத்து ஒன்று எடுத்துப் பார்த்து, பிறகு அதை அழித்துவிடுவது நம் தொழில் வழக்கம். தூளி பக்கத்தில் ஸ்டெல்லா நின்றார். நான் ஐஎஸ்ஓவை ஆகாயத்துக்கு ஏற்றிவிட்டு அமுக்கினேன். ஏற்றியதை அவர் பார்த்துவிட்டார். அமுக்கிய கணத்தில் வாயைத் திறந்துவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் அவர் ஆட்சி. ஜன்னலை மறைத்து நெல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். "இத நவுத்துங்கப்பா, வூட்டுக்குள்ள சூரியன் வர வழியில்ல" என்று வீட்டுக்காரர்களையே மூட்டை தூக்க வைத்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் குழந்தை மேல் திரும்ப, எதிரே ஒரு வெள்ளை வேட்டியைப் பிடிக்கச் சொன்னார். என்னிடம் திரும்பி, "தூங்கற கொழந்த அசையாது. ஸ்டாண்டப் போட்டு மெதுவா எடுங்க. ஐஎஸ்ஓ பக்கம் கை போச்சி, வெரல ஒடச்சிடுவேன்" என்றார். குழந்தை பால்போல வந்தது. சோதனைப் படம் அழிக்கப்படாமல் என்னோடேயே தங்கியது, என் சோம்பேறித்தனத்தின் புண்ணியம்.

அந்தப் படத்தோடு அவர் அறைக்குப் போய், அவர் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். முன் அறையில் ஜெபம் சொல்லும் சத்தம் கேட்டது. இத்தனை காலத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் துடைத்ததில்லை. புள்ளி நீக்குவதற்குத் திரையில் ஒரு கோடும் அதன் மேல் ஒரு குமிழும் இருக்கின்றன. குமிழைக் கடைசிவரை இழுத்தேன். படம் பளிங்காக ஆனது. ஜெனியைக் கூப்பிட்டேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "யாரு மாமா இது? அம்மா கன்னத்துல இருந்ததெல்லாம் எங்க?"

ஸ்டெல்லாவுக்குக் கன்னத்தில் அம்மைத் தழும்பு உண்டு. கேமரா போட்ட புள்ளி எது, அம்மை போட்டது எது என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் வழித்துவிட்டது.

"அம்மா எப்டி பண்ணுவாங்க, பாத்துருக்கியா?" என்றேன்.

"மொதல்ல செவப்பு பச்சப் புள்ளியத் தொடைக்கும். அது முழுசா போவணும்னு சொல்லும். மிச்சப் புள்ளிய செவுத்துல மட்டும் எடுக்கும். மூஞ்சில கொஞ்சம் வுட்டுடும். புள்ளிய எடுக்கறேன்னு ஆள எடுத்துடக் கூடாதுன்னும்."

அப்படியே செய்தோம். சொரசொரப்பு கொஞ்சம் மிஞ்சியது. தழும்பு திரும்பி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஜெனி அழுதாள். எனக்கும் அப்போதுதான் வந்தது.

கடைத்தெருவில் போஸ்டர் அடிக்கும் சலீமிடம் கொண்டுபோனேன். வழக்கம்போல முகத்தை யானை அளவு பெரிதாக்கினான். புள்ளிகள் ஒவ்வொன்றும் மிளகு போல எழுந்தன. சின்னதாகப் போடச் சொன்னேன்.

"இவ்ளோ சின்னதா போட்டா எவனுக்குண்ணே தெரியும்?"

"கிட்ட வந்தா தெரியும், போடுடா."

பிற்பகலில் வில்லியனூர்ச் சுவர்களில் ஒட்டினார்கள். பக்கத்திலேயே வேறு யாரோ ஒருவர் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் நின்று பார்க்கவில்லை. ஸ்டெல்லாவைப் பார்க்க ஜனங்கள் சைக்கிளை நிறுத்தி, கிட்டே போய், தலையை நீட்டினார்கள். பூக்காரம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "நம்ம ஸ்டெல்லாதான? யாரத் திட்டிக்கினு கீது?"

"என்னத்தான்" என்றேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரமாகிறது. முதுகு வலிக்கிறது, கல்யாண மாதம் வேறு வருகிறது. மெமரி கார்டு நிறையப் புள்ளியோடு வந்து இனி எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியாது. நான் வைத்துக்கொண்டிருப்பது கை வைக்காத அந்த முதல் படம். அதையும் சுத்தம் செய்து தரட்டுமா என்று ஜெனி கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தச் செலியமேட்டு அறை அன்றைக்கு இருட்டாகத்தான் இருந்தது.