இடது கையில் ஒரு கொசு

என் மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் தெரியவில்லை. டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். நரம்பிழைகள் வளர்ந்து நடுக்கோடு வரை வரும். அங்கே வழிகாட்டும் ரசாயனங்களைத் தொடர்ந்து எதிர்ப்பக்கம் தாண்டும். இவளுடையவை தாண்டாமல் தங்கள் பக்கமே திரும்பிவிட்டன. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜொகூருக்குப் போகக் கிளம்பி, பாலத்தருகே போய், இந்தப் பக்கத்து உட்லண்ட்ஸுக்கே திரும்பிய வண்டிகள் மாதிரி. இனிமேல் தாண்டாதா என்று கேட்டேன். அதற்கான பருவம் முடிந்துவிட்டது என்றார். வீடு வரும்வரை அழுதேன்.

பிறந்தாள். தாமதமாக நடந்தாள். பேச ஆரம்பித்தபின் வாய் ஓயவில்லை. ஆனால் வலக்கை மட்டும் இடப்பக்கம் போகாது. பயிற்சி தருபவர் சொன்னபடி, இடது மணிக்கட்டில் ஸ்டிக்கர் ஒட்டி வலக்கையால் பிய்க்கச் சொல்வேன். கள்ளி, பல்லால் கடித்து இழுத்துவிடுவாள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தோப்புக்கரணம் போட்டால் மூளை வளரும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வீடியோவாக அனுப்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையாரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று குழுவிலிருந்து வெளியேறினேன்.

போன தீபாவளிக்கு முன்பு லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடை முன் நின்றோம். அவளுக்கு ஐந்து வயது. இடக்கையில் பலூன். அந்தக் கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. வழக்கமாக, பிடித்திருப்பதைப் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு என்னிடம் ஓடிவருவாள். நான் அடிக்கக் குனிந்தேன். அதற்குள் பட்டென்று சத்தம். அவள் வலக்கை குறுக்கே போய் இடக்கையின் மேல் இருந்தது. பலூனையும் விடவில்லை.

நடைபாதையிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கொசுதான் லா. இதுக்குப் போய் ஏன் அழுவுறீங்க?"

"எம்பொண்ணு அவளே அடிச்சாண்ணே," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கு உலகத்தையே ஜெயித்த சந்தோஷம். மூளையில் அந்த இழைகள் இன்னும் தாண்டவில்லை, அது தெரியும். சேதி வேறு ஏதோ வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கையில் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்க அவள் விடவில்லை. எங்கள் வீடு இருக்கும் ஈசூன் வரை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும், வலக்கை விரலால் இடக்கையைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தாள்.